விகடகவியைத் திருப்பிப் படிக்கும் இயந்திரம்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொழுதுபோக்காக நிரல் எழுதலாம், வாருங்கள்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். நிரல் என்றால் புரோகிராம். அதை யாராவது பொழுதுபோக்காக எழுதுவார்களா? நம் ஊரில் கம்ப்யூட்டர் படிப்பு என்றாலே அது வேலைக்கான படிப்பு. ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தார்கள். தொண்ணூறுகளில் பல ஊர்களில் அதே மாடிகளில் கம்ப்யூட்டர் சென்டர் பலகை ஏறியது. டிசிஏ, பிஜிடிசிஏ என்று சான்றிதழ் வாங்கினார்கள். பிறகு பொறியியல் கல்லூரி, வளாகத் தேர்வு, சென்னை, பெங்களூரு. ஒருவர் சாயங்காலத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார் என்றால், அடுத்த கேள்வி "எந்தக் கம்பெனிக்கு?" என்பதுதான்.

இன்று நான் சொல்ல வந்ததில் கம்பெனி இல்லை, சான்றிதழ் இல்லை, சம்பளம் இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடை வைத்திருப்பவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் இரண்டு மணி நேரம் கிடைக்கிற இல்லத்தரசி, ஒன்பதாம் வகுப்பு மாணவி. இவர்களை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தக் கலையை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நினைத்தவர்கள் உண்டு. 1964 மே 1 அதிகாலை நான்கு மணிக்கு, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், பேசிக் என்ற மொழியில் எழுதிய முதல் நிரல் ஓடியது. அந்த மொழியை உருவாக்கியவர்கள் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள். அந்நாளில் கணிப்பொறியிடம் ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டுமானால், அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும். இந்த இருவரும் இலக்கியமும் வரலாறும் படிக்கிற மாணவர்களை நினைத்துப் பார்த்தார்கள். அவர்களும் நேராக உட்கார்ந்து, தட்டி, உடனே விடை பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காகத்தான் எளிய மொழி ஒன்றும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாடும் சேர்ந்து பிறந்தன.

அடுத்த பத்தாண்டில் அந்த இயந்திரம் வீட்டுக்குள் வந்தது. 1975 ஜனவரி மாத "பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்" இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறியின் படம் வந்தது. விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. அதையும் உதிரிப் பாகங்களாக வாங்கி, சால்டரிங் வைத்துச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் இப்படிப்பட்ட ஆர்வலர்கள் கூடினார்கள். ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் என்று அந்தக் கூட்டம் பெயர் பெற்றது. ஆப்பிள் கணிப்பொறியின் முதல் வடிவத்தை ஸ்டீவ் வாஸ்னியாக் காட்டியது அந்த நண்பர்களிடம்தான்.

1981-இல் இங்கிலாந்தில் இசட்எக்ஸ் 81 வந்தது. விலை எழுபது பவுண்டுக்கு ஐந்து பென்னி குறைவு. நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். இன்றைய முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். அந்தக் கணக்கில், வேறெதற்கும் இடம் விடாமல் நிரப்பினாலும் 341 குறிகளோடு அது நிறைந்துவிடும். அதை வைத்துக்கொண்டு பிரிட்டனின் பிள்ளைகள் விளையாட்டுகள் எழுதினார்கள். இந்தியப் பள்ளிகளுக்கும் 1984-இல் கிளாஸ் என்ற திட்டத்தின் வழியே பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள் வந்தன. இந்த அவையிலேயே அவற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் இருக்கலாம்.

இதெல்லாம் தொழிலுக்கு முந்தைய விளையாட்டு, பிறகு பெரியவர்கள் வந்து பொறுப்பாக நடத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ரோசம் என்பவருக்கு அந்த வாரத்தை ஓட்ட ஏதாவது வேண்டியிருந்தது. புதிய நிரல்மொழி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். தமக்குப் பிடித்த மான்ட்டி பைத்தான் என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் பெயரை அதற்கு வைத்தார். இன்று உலகெங்கும் அறிவியலாளர்கள் பயன்படுத்தும் பைத்தான் அதுதான். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது ஹெல்சிங்கி மாணவர், தாம் ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும், அது வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக வளராது என்றும் அறிவித்தார். அதுதான் லினக்ஸ். உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பது அதன் கரு. உலகின் முதல் 500 மீக்கணினிகள் என்ற பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன.

இந்தக் கதைகளைச் சொன்னது, நீங்களும் அப்படி ஆவீர்கள் என்று ஆசை காட்டுவதற்காக அல்ல. பொழுதுபோக்கு என்பது தொழிலின் மட்டமான பதிப்பு என்ற எண்ணம் போக வேண்டும் என்பதற்காக மட்டுமே.

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவருக்குக் கணிப்பொறி பற்றி எவ்வளவு தெரியவரும் என்பது பெரிய விஷயமில்லை. தாம் ஏற்கெனவே விரும்புகிற ஒன்று, தமக்கு நன்றாகத் தெரியும் என்று இருக்கிற ஒன்று, அது புதிதாகத் தெரியவரும். எப்படி என்று ஒரு சொல்லை வைத்துக் காட்டுகிறேன்.

விகடகவி. எல்லோருக்கும் தெரிந்த சொல். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் விகடகவிதான். "தேரு வருதே", "மோரு போருமோ" என்று பிள்ளைகள் விளையாடுவார்கள். நம் மரபில் இதற்கு மாலைமாற்று என்று பெயர். சரி, ஒரு சொல் மாலைமாற்றா இல்லையா என்று சொல்லும் நிரல் ஒன்று எழுதுவோம். சொல்லை வாங்கு. திருப்பிப் போடு. இரண்டும் ஒன்றா என்று பார். பைத்தானில் இது மூன்று நான்கு வரி. முதல் வாரத்திலேயே எழுதிவிடலாம்.

எழுதி, விகடகவி என்று கொடுத்தால் இயந்திரம் என்ன சொல்லும்? "இல்லை" என்று சொல்லும்.

அதற்குக் காரணம் தேடத் தொடங்கும் இடத்தில்தான் பொழுதுபோக்கு தொடங்குகிறது. அந்தச் சொல்லில் எத்தனை எழுத்து என்று இயந்திரத்தைக் கேளுங்கள். நமக்கு ஐந்து. அது ஏழு என்கிறது. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால், நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. ஏனென்றால் கணிப்பொறியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் "வி" என்பது ஒரு குறி இல்லை. வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. திருப்பிப் போடும்போது கடைசியில் இருந்த இகரக் குறி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் நிற்கிறது. முதலில் இருந்த இகரக் குறி நகர்ந்து ககரத்தின்மேல் ஏறி அதைக் "கி" ஆக்கிவிடுகிறது. இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. எழுத்து என்றால் என்ன என்று நாம் அதற்குச் சொல்லவில்லை.

சொல்லிப் பார்ப்போமா? 247 எழுத்துகளையும் பட்டியல் போட வேண்டுமா? வேண்டாம். ஆகாரம் முதல் ஔகாரம் வரை ஒட்டுக்குறிகள் பதினொன்று. புள்ளியைச் சேர்த்தால் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டில் ஒன்று வந்தால் முந்தையதோடு சேர். வேறெது வந்தாலும் புதிய எழுத்தைத் தொடங்கு. ஒரே விதி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, அனைத்தும் அடங்கிவிடுகின்றன. இப்போது விகடகவி ஐந்தாகிறது. திருப்பினாலும் விகடகவியாகவே நிற்கிறது.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இலக்கணத்தில் நாம் படித்தது, க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்து க ஆகிறது என்று. இயந்திரத்துக்குள் தலைகீழ். அங்கே க தான் அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்தால் க். எழுதுகிற கையின் வழக்கமும் அதுதான். முதலில் க போட்டுவிட்டுத்தானே புள்ளி வைக்கிறோம்? ஒலியைப் பார்த்து எழுந்த கணக்கு ஒன்று, எழுத்தின் வடிவத்தைப் பார்த்து எழுந்த கணக்கு ஒன்று. இரண்டும் வேறு என்பதை ஓர் ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்வது ஒரு விதம். நம் நிரல் ஓடாமல் நின்று அதைக் காட்டும்போது தெரிந்துகொள்வது இன்னொரு விதம்.

கேள்விகள் அதோடு விடுவதில்லை. "தேரு வருதே" என்று கொடுத்தால், நடுவில் இருக்கிற இடைவெளியை எழுத்தாகக் கொள்வதா, தள்ளுவதா? "க்ஷ" ஓர் எழுத்தா, இரண்டா? "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு வெவ்வேறு. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்தால் தெரியும்" என்று மனிதரிடம் சொல்லித் தப்பிக்கலாம். இதனிடம் முடியாது. தெரியும் என்று நாம் சொல்கிறவற்றில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு தெளிவு என்று பிரித்துக் காட்டுகிற வேலையை இது செய்கிறது. இதற்காகவே இதை நான் பரிந்துரைக்கிறேன்.

தமிழாசிரியர்களுக்கு அடுத்த படி இன்னும் சுவையானது. எழுத்தைப் பிரிக்கத் தெரிந்த நிரலுக்குக் குறில், நெடில், ஒற்று சொல்லிக்கொடுங்கள். பிறகு அசை. குறில் தனித்தும் ஒற்றடுத்தும், நெடில் தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேர். இரு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ, தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நிரை. இந்த விதியை எழுதிவைத்த இலக்கணக்காரர்கள், தங்களை அறியாமலே நிரல் எழுதுகிறவருக்குப் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதிதான் சோதனை. குற்றியலுகரத்தை எப்போது கணக்கில் எடுப்பது? ஐகாரம் குறுகும் இடம் எது? யாப்பை இப்படிப் பிரித்துக் காட்டும் "அவலோகிதம்" என்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கட்டும். 1,330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9,310 சீர். அத்தனையையும் உங்கள் நிரலை வைத்து அலகிட்டு, எந்தச் சீரில் அது தடுமாறுகிறது என்று பாருங்கள். தடுமாறுகிற ஒவ்வொரு சீரும் இலக்கணத்தில் ஒரு பாடம்.

தமிழில் ஆர்வமில்லை, கோலம் பிடிக்கும் என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியைச் செய்தார்கள். அதில் ஓர் ஆமை உண்டு. முன்னால் நட, இடப்பக்கம் திரும்பு என்று சொன்னால், போன தடமெல்லாம் கோடு விழும். பைத்தானுக்குள்ளும் அந்த ஆமை இருக்கிறது. நூறு அடி நட, தொண்ணூறு பாகை திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் சதுரம். புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைத்து, கை எடுக்காமல் இழைக்கும் கோலத்தை இந்த ஆமையிடம் சொல்லிப் பாருங்கள். வாசலில் கை தானாகப் போடுகிற வளைவு எங்கே இடப்பக்கம், எங்கே வலப்பக்கம் என்று அப்போதுதான் எண்ணத் தொடங்குவீர்கள்.

இது விளையாட்டு மட்டும் அல்ல. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற பேராசிரியர்கள், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குள் இருக்கும் விதிகளைக் கணிப்பொறிக் கோட்பாட்டின் இலக்கணமாக எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதியால் வளர்கிறது என்பது உலகக் கணிப்பொறி அறிவியலில் ஓர் ஆய்வுப் பொருளானது.

சரி, எப்படித் தொடங்குவது? செலவு பற்றிக் கவலை வேண்டாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் எங்காவது கிடந்து, இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே போதும். பைத்தான் இலவசம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் அதைத் தமிழிலேயே கற்பிக்கிறது. பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். "கணியம்" இதழினர் "எளிய தமிழில்" என்ற வரிசையில் மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆங்கிலக் கட்டளைகள் தடை என்றால், முத்து அண்ணாமலை உருவாக்கிய "எழில்" மொழி இருக்கிறது. பதிப்பி "வணக்கம்" என்று தமிழில் எழுதினால் திரையில் வணக்கம் வரும். பைத்தானிலும் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் நல்லது. அதில் தட்டச்சு செய்ய வேண்டியது குறைவு, கட்டைகளை இழுத்து ஒட்டினால் போதும்.

ஒரே ஒரு யோசனை சொல்வேன். பாடத்திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டுத்தான் எதையாவது எழுதுவேன் என்று இருக்காதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிற பழக்கம் அது. உங்கள் கேள்வி ஒன்றை முதலில் எடுங்கள். அதற்கு என்ன தேவையோ அதை மட்டும் தேடிப் படியுங்கள். கடைக்காரருக்கு மாதச் சீட்டுக் கணக்கு. சங்கீத ரசிகருக்கு 72 மேளகர்த்தா. ஐந்தே விதியில் எழுபத்திரண்டையும் இயந்திரத்தை விட்டு எழுத வைக்க முடியுமா என்று பாருங்கள். கேள்வி உங்களுடையதாக இருந்தால் இரவு பதினொரு மணிக்கும் தூக்கம் வராது.

பிழை வரும். நிச்சயம் வரும். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் திட்டுவதுபோல வரும். அது திட்டு அல்ல, முகவரி. எந்த வரியில் சிக்கல் என்று அதில் இருக்கும். கடைசி வரியை முதலில் படியுங்கள், பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும். இந்தத் துறையின் பெரும் ஆசான்களில் ஒருவரான டொனால்ட் நூத், தம் நூல்களில் முதலில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2008 வரை 2 டாலர் 56 சென்ட் பரிசைக் காசோலையாகத் தந்துவந்தார். கணிப்பொறியின் பதினாறடிமான எண்முறையில் நூறு என்று எழுதினால் அதன் மதிப்பு 256 என்பதால் அந்தத் தொகை. அந்தக் காசோலைகளைப் பலர் வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். பிழையைக் கண்டுபிடிப்பது அங்கே விருது.

இந்த இடத்தில் மாணவர் யாராவது கேட்பார். "ஐயா, சாட்ஜிபிடியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் எழுதித் தருகிறதே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" நியாயமான கேள்வி. வேலையாகச் செய்கிறவர் அந்தக் கருவியைப் பயன்படுத்தட்டும், அவருக்கு முடிவுதான் தேவை. நமக்கு முடிவு தேவையில்லை. பூக்கடையில் முழம் முழமாக மல்லிகை கிடைக்கிறது. ஆனாலும் மாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்தக் கூட்டம் நாம். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கருவி எழுதித் தரும் நிரல் விகடகவியை ஐந்தாக எண்ணுகிறதா, ஏழாக எண்ணுகிறதா என்று பார்க்கவாவது உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "எழுதித் தா" என்று கேட்காமல், "இந்தப் பிழைச்செய்திக்கு என்ன பொருள்?" என்று கேட்டுப் பழகுங்கள். பொறுமையாக விளக்கும் நல்ல துணை அது.

முடிக்கும் முன் வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். திருஞானசம்பந்தர் சீர்காழிமேல் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. இரண்டடிப் பாடல்கள் பதினொன்று. ஒவ்வொரு பாடலையும் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாடல். இந்த நூலகத்திலேயே புத்தகம் இருக்கும். பதினொன்றையும் தட்டச்சு செய்து, நீங்கள் எழுதிய நிரலிடம் கொடுங்கள். ஏதாவது ஒரு பாடலுக்கு அது "இல்லை" என்று சொன்னால், சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள். நிரல் எழுதிய நீங்கள், தட்டச்சு செய்த நீங்கள், புத்தகத்தை அச்சிட்டவர். சம்பந்தரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். யார் என்று கண்டுபிடிக்கும்வரை அந்தப் பாடலை எத்தனை முறை எழுத்தெழுத்தாகப் படித்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவ்வளவு நெருக்கமாக ஒரு பாடலை வேறு எதற்காகப் படிக்கப் போகிறோம்?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு யாராவது ஒருவர் விடையோடு வந்தால், பேசுவதற்கு இந்த மேடையை அவருக்குத் தருமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.